பாடுபொருளைக் கடைசியில் தேடுங்கள்: கவிதை ஆராயப் புதிதாக வருகிறவர்களுக்கு

சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ மாணவர்களுக்குக் கவிதை வகுப்பு எடுக்கிறேன். ஆறாம் படிவ முடிவில் வரும் எஸ்டிபிஎம் தேர்வில் ஆங்கில இலக்கியம் எழுதுகிறவர்களும் வருகிறார்கள், தமிழ் எழுதுகிறவர்களும் வருகிறார்கள். புதிதாக வருகிறவர்களின் குறிப்பேட்டில் முதல் வரி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பாடுபொருள்: இயற்கையின் அழகு." இன்னொருவரிடம், "பாடுபொருள்: உழைப்பின் மேன்மை." கவிதையை ஒருமுறை கண்ணால் மேய்ந்துவிட்டு நேராக அங்கே போய் நின்றுவிடுகிறார்கள். அந்த வரி நூறு கவிதைகளுக்குப் பொருந்தும். அதனாலேயே கையில் இருக்கும் கவிதையைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

பாடுபொருள் கடைசியில் கைக்கு வர வேண்டியது. தமிழ் படித்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானதுதான். அகப்பாடலைத் தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று அடுக்குகிறது. நிலமும் பொழுதும் முதலில் வரும். அந்த நிலத்து மரமும் பறவையும் தொழிலும் பிறகு. உணர்வு எல்லாவற்றுக்கும் பின்னால். ஆங்கிலக் கவிதைக்கும் இந்த வரிசையையே நான் கற்றுத்தருகிறேன். நன்றாகவே பொருந்துகிறது.

இரண்டு கவிதைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் 1805இல் எழுதி 1807இல் வெளியிட்ட 'த சொலிட்டரி ரீப்பர்'. ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரு பெண் தனியே கதிர் அறுத்துக்கொண்டே பாடுகிறாள்; வழிப்போக்கன் ஒருவன் நின்று கேட்கிறான். மற்றொன்று, வட அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் 'டிகிங்'. 1966இல் வந்த அவருடைய முதல் பெரிய தொகுப்பின் முதல் கவிதை அது. எழுதுகோலுடன் சன்னலருகே இருக்கும் மகன், கீழே தோட்டத்தில் மண்ணைத் தோண்டும் தந்தையைப் பார்க்கிறான். இரண்டிலும் ஒருவர் உடல் வருந்த வேலை செய்கிறார். வேலை செய்யாத இன்னொருவர் அதைப் பார்த்துக் கவிதையாக்குகிறார். தோட்டங்களில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் எழுதுகோல் பிடித்து உட்கார்ந்திருக்கும் நம் ஊரில், இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதற்குத் தனிக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஒரு சிறு விளக்கம். வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை ரொமான்டிக் கவிதை என்பார்கள்; அதைக் காதல் கவிதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஓங்கியிருந்த இயக்கம் அது. வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் 1798இல் சேர்ந்து வெளியிட்ட 'லிரிக்கல் பாலட்ஸ்' தொகுப்பை ஆங்கிலத்தில் அதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். எளிய மக்களின் வாழ்க்கையை, அவர்கள் உண்மையில் பேசும் மொழிக்கு நெருக்கமாகப் பாட வேண்டும் என்று 1800ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் வேர்ட்ஸ்வொர்த் வாதாடினார். கதிர் அறுக்கும் பெண் கவிதைக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

முதல் படி: வாய்விட்டுப் படியுங்கள்

பக்கத்தின் இரு ஓரமும் அகலமாக இருக்கும்படி கவிதையைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு முறை சத்தமாகப் படியுங்கள். எந்த வரியில் வாய் தடுமாறியது, எங்கே மூச்சு வாங்கியது, எங்கே குரல் தானாக ஏறியது? அந்த இடங்களில் மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். காரணம் பிறகு தெரியவரும்.

இரண்டாம் படி: கூற்று எழுதுங்கள்

சங்க அகப்பாடலின் கீழே 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று குறிப்பு இருக்கும். யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். ஆங்கிலக் கவிதைக்கு யாரும் அப்படி எழுதித் தருவதில்லை. நீங்களே எழுதுங்கள். வேர்ட்ஸ்வொர்த்துக்கு: "வயலோரம் கடந்து செல்லும் வழிப்போக்கன், அருகில் நிற்பவரிடம் சொல்லியது." ஹீனிக்கு: "எழுத உட்கார்ந்த மகன், தந்தையைச் சன்னல் வழியே கண்டு தனக்குள் சொல்லியது."

இந்த ஒரு வரி எழுதியதும் ஒரு பெரிய விஷயம் வெளிப்படுகிறது. கதிர் அறுப்பவள் நம்மிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. ஹீனியின் தந்தையும் பேசவில்லை. பேசுகிறவர் ஒருவர், பேசப்படுகிறவர் இன்னொருவர். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆறாம் படியில் இது வேண்டும். 'கவிஞர் சொல்கிறார்' என்று எழுதும் பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். 'கவிதைசொல்லி' என்று எழுதுங்கள். ஸ்காட்லாந்துக்கு வேர்ட்ஸ்வொர்த் 1803இல் போய்வந்தது உண்மை. ஆனால் இந்தக் கவிதைக்கான பொறி, தாமஸ் வில்கின்சன் என்ற நண்பரின் பயணக் குறிப்பில் இருந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. வயலோரம் நிற்கும் 'நான்' கவிஞரே என்று அடித்துச் சொல்ல முடியாது.

மூன்றாம் படி: நிலம், பொழுது, பொருள்கள்

இடது ஓரத்தில் இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். வலது ஓரத்தில் கையால் தொடக்கூடிய பொருள்களை எழுதுங்கள். வேர்ட்ஸ்வொர்த்திடம் அரிவாள், கதிர், பள்ளத்தாக்கு. நடுவில் திடீரென்று அரேபியப் பாலைவனத்து நைட்டிங்கேல், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளின் குயில். ஹீனியிடம் மண்வெட்டி, உருளைக்கிழங்கு, தாளைச் சுருட்டி அடைத்த பால் போத்தல், தாத்தா வெட்டியெடுக்கும் பீட் மண். பழந்தாவரங்கள் சதுப்பில் மக்கிக் கட்டியான அந்த மண்ணை அயர்லாந்தில் வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள்.

பட்டியலைப் பார்த்ததும் ஒரு கேள்வி வரவேண்டும். ஹீனியின் பொருள்கள் எல்லாம் ஒரே மண்ணைச் சேர்ந்தவை. வேர்ட்ஸ்வொர்த்தின் பொருள்களோ ஒரு வயலில் தொடங்கி உலகத்தின் இரு ஓரங்களுக்குப் பறக்கின்றன. எதற்காக? கதிர் அறுப்பவள் பாடும் மொழி, ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்களின் கேலிக். வழிப்போக்கனுக்கு அது புரியவில்லை. பாட்டின் பொருளைச் சொல்ல முடியாதவன், அந்தப் பாட்டு எதைப் போல இருக்கிறது என்று சொல்ல எட்டாத இடங்களையெல்லாம் தேடிப் போகிறான். புரியாத மொழிப் பாட்டொன்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வது என்னவென்று, மூன்று நான்கு மொழிகள் காதில் விழும் நம் ஊர்ச் சந்தையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

நான்காம் படி: வடிவம்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். மாணவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் இடமும் இதுதான். 'நான்கு கண்ணிகள், எட்டு வரிகள், இயைபுத்தொடை உண்டு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எண்ணுவது தொடக்கம்தான். எண்ணிய பிறகு, 'எங்கே மாறுகிறது?' என்று கேட்க வேண்டும். ஒழுங்கு எங்கே உடைகிறதோ அங்கே பொருள் இருக்கிறது.

தமிழ் யாப்பில் குறில் நெடில் பார்த்து நேரசை நிரையசை பிரிப்போம். ஆங்கிலத்தில் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே 'த சொலிட்டரி ரீப்பர்' படியுங்கள். வரிக்கு நான்கு அழுத்தங்கள் வரும். ஒவ்வொரு கண்ணியிலும் நான்காவது வரிக்கு வந்ததும் மூன்றுதான் இருக்கும். ஒரு தட்டு குறைகிறது. வாய் தானாக நிற்கிறது. முதல் கண்ணியில் அந்த வரி சொல்வது என்ன தெரியுமா? இங்கே நில், இல்லையென்றால் மெல்லக் கடந்து போ என்கிறது. நிற்கச் சொல்லும் வரி நம்மை நிற்கவும் வைக்கிறது.

அடுத்து வரியிறுதி ஓசைகளைப் பாருங்கள். முதல் மூன்று கண்ணிகளில் இயைபு எல்லாம் அழுத்தமான அசையில் முடிகிறது. நான்காவது கண்ணியில் மட்டும் 'எண்டிங்', 'பெண்டிங்' என்று ஓர் அழுத்தமில்லாத அசை கூடுதலாக ஒட்டிக்கொண்டு இழுக்கிறது. அந்த வரியின் பொருள்: அவள் பாட்டுக்கு முடிவே இல்லாததுபோல் இருந்தது. முடிவில்லாத பாட்டைச் சொல்லும் வரி, முடிய வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறது. இதை முதன்முறை தானாகக் கண்டுபிடிக்கும் மாணவரின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இந்தக் கவிதையை ஆண்டுதோறும் எடுக்கிறேன்.

தற்காலக் கவிதையில் பெரும்பாலும் இப்படி எண்ண ஒன்றும் இருக்காதே என்பார்கள். இருக்கிறது. வரி எங்கே உடைகிறது என்பதே அங்கே வடிவம். நானே எழுதிய ஒரு சாதாரண வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 'மங்கு நிறையும் நேரத்தில் மழை வந்தது.' மங்கு என்பது பால்மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணம். இதை இரண்டு விதமாக உடைக்கிறேன்.

மங்கு நிறையும் நேரத்தில்
மழை
வந்தது

மங்கு
நிறையும் நேரத்தில் மழை வந்தது

முதலாவதில் 'மழை' தனியாக நிற்கிறது. வெட்டிய பாலில் மழை விழுந்தால் அன்றைய பாடு வீண் என்று அறிந்தவருக்கு அந்த ஒற்றைச் சொல் நெஞ்சில் இடிக்கும். இரண்டாவதில் கண் மங்கின்மேல் நிற்கிறது. மழை ஒரு செய்தியாக வந்து போகிறது. அதே ஐந்து சொற்கள், அதே வரிசை. மாறியது உடைப்பு மட்டும்.

இப்போது ஹீனியிடம் போங்கள். மொத்தம் 31 வரிகள். கண்ணிகள் ஒரே அளவில் இல்லை: முதலில் இரண்டு வரி, பிறகு மூன்று, நான்கு, ஐந்து என்று வளர்கின்றன. நினைவைத் தோண்டத் தோண்டக் குழி ஆழமாகிறது என்று இதைப் படிக்கலாம். பிறகு ஐந்தாம் கண்ணி சட்டென்று இரண்டு வரியாகச் சுருங்குகிறது. அங்கேதான் தந்தையிடமிருந்து தாத்தாவுக்குத் தாவுகிறது கவிதை. தாத்தாவுக்கு எட்டு வரிகள், கவிதையிலேயே நீளமான கண்ணி.

இன்னொரு இடத்தையும் அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டாம் கண்ணியின் முடிவில் ஒரு வாக்கியம் முடியாமல் இருக்கிறது: கீழே பார்க்கிறேன் என்கிறான் மகன். இடைவெளியைத் தாண்டி அடுத்த கண்ணிக்குள் அந்த வாக்கியம் விழுகிறது. மூன்றாம் கண்ணியில் தந்தை பூப்பாத்தியில் குனிகிறார். நிமிரும்போது இருபது ஆண்டுகளுக்கு முந்தைய உருளைக்கிழங்கு வயலில் இருக்கிறார். குனிவது இன்று, நிமிர்வது அன்று; இரண்டும் ஒரே வரிக்குள்.

ஐந்தாம் படி: மொழி

மூன்று நிறப் பென்சில்கள் போதும். திரும்ப வரும் சொற்களுக்கு ஒன்று, வினைச்சொற்களின் காலத்துக்கு ஒன்று, உவமை உருவகங்களுக்கு ஒன்று.

வேர்ட்ஸ்வொர்த்தின் முதல் ஐந்து வரிகளில் தனிமையைக் குறிக்கும் சொற்கள் நான்கு வருகின்றன. ஒன்றே போதும் என்ற இடத்தில் நான்கு. காலத்தைப் பாருங்கள்: முதல் கண்ணி நிகழ்காலம், கட்டளைகள் நிறைந்தது, பார், நில், கேள். கடைசிக் கண்ணி இறந்தகாலம். வழிப்போக்கன் எப்போதோ மலையேறிப் போய்விட்டான். நாம் வயலோரம் நின்று கேட்டது எல்லாம் நினைவு என்று அப்போதுதான் தெரிகிறது.

ஹீனியின் தொடக்கத்தில் எழுதுகோல் விரல்களுக்கிடையே துப்பாக்கிபோல் பொருந்தியிருக்கிறது. அதே வரிகள் இறுதியில் திரும்பி வருகின்றன. வரும்போது துப்பாக்கி இல்லை. அதன் இடத்தில், இதைக்கொண்டு தோண்டுவேன் என்று ஒரு சிறு வாக்கியம் இருக்கிறது. ஓர் உவமை என்ன செய்கிறது என்று கேட்பதுபோல, அது எங்கே காணாமற்போகிறது என்றும் கேளுங்கள். தோண்டும் வினையையும் பின்தொடருங்கள்: இரண்டு முறை தந்தைக்கு, ஒரு முறை தாத்தாவுக்கு, கடைசியில் எதிர்காலத்தில் தனக்கு.

தமிழிலிருந்து ஓர் இடம் காட்டாமல் இந்தப் படியை முடிக்க மனம் வரவில்லை. பாரதியார் ஆங்கில ரொமான்டிக் கவிஞர் ஷெல்லியின்மீது கொண்ட பற்றால் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வருந்திய பெண்களைப் பற்றிய அவருடைய பாடலில், காற்றை அழைத்துப் பேசும் பகுதி உண்டு. ஷெல்லியும் மேற்குக் காற்றை அழைத்துப் பாடியவர்தான். பாரதியார் அந்தப் பெண்களின் அழுகுரலைச் சொல்லும்போது 'விம்மி' என்ற சொல்லை நான்கு முறை அடுக்குகிறார். வாய்விட்டுப் படித்தால் நம் மூச்சே விம்மலாகத் துண்டுபடுகிறது. அடுத்து ஒரு சில வரிகளிலேயே, அவர்கள் விம்மி அழவும் திறன் கெட்டுப் போனார்கள் என்கிறார். நான்கு முறை ஒலித்த சொல் அங்கே வலுவிழந்து நிற்கிறது. 'சொல்லடுக்கு உண்டு' என்று எழுதுவதற்கும், அந்த அடுக்கு எதைக் கட்டி எதை இடிக்கிறது என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் இதுதான்.

ஆறாம் படி: இப்போது பாடுபொருள்

ஒற்றைச் சொல்லாக எழுதாதீர்கள். 'தனிமை', 'உழைப்பு' என்பவை தலைப்புகள். கவிதை அந்தத் தலைப்பைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை வினைமுற்றோடு முழு வாக்கியமாக எழுதுங்கள். வேர்ட்ஸ்வொர்த்துக்கு நான் எழுதுவது: "பொருள் புரியாத பாட்டு, கேட்டவனின் நினைவில் முடிவில்லாமல் தொடர்கிறது; பாடியவளோ அவனுக்குக் கடைசிவரை அறியப்படாதவளாகவே இருக்கிறாள்." வாக்கியத்தின் முதல் பாதிக்குச் சான்று, அந்தக் கூடுதல் அசை. இரண்டாம் பாதிக்குச் சான்று, மூன்றாம் கண்ணியின் கேள்விகள். அவள் என்ன பாடுகிறாள் என்று யாரும் சொல்ல மாட்டார்களா என்று கேட்கிறானே தவிர, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இசையை அவன் எடுத்துக்கொண்டு போகிறான். அவள் அரிவாளோடு குனிந்தபடியே இருக்கிறாள். இதை நீங்கள் குறையாகவும் எழுதலாம், பணிவாகவும் எழுதலாம். இரண்டுக்கும் கவிதையில் இடம் உண்டு.

ஏழாம் படி: பின்னணியை அளவோடு

ஹீனியின் துப்பாக்கியைப் பார்த்ததும் வட அயர்லாந்தின் உள்நாட்டுக் கலவரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிடுவார்கள். ஆண்டைப் பாருங்கள்: தொகுப்பு வந்தது 1966. அந்த நெடுங்கலவரம் 1960களின் இறுதியில்தான் வெடித்தது. துப்பாக்கியில் ஒரு பதற்றம் இருக்கிறது என்று எழுதலாம். பின்னால் நடந்ததைக் கவிதை பாடுகிறது என்று எழுத முடியாது.

நம் ஊரையும் கவிதைக்குள் அப்படியே கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது. ஹீனியின் தாத்தாவைப் படித்ததும் விடியுமுன் பால்வெட்டும் உளியோடு மரநிரைக்குப் போன தாத்தா நினைவுக்கு வருவார்; வரட்டும். ஆனால் வேறுபாட்டையும் எழுதுங்கள். ஹீனியின் தந்தை தோண்டியது குடும்ப நிலம். நம் தாத்தா வெட்டியது கம்பெனி மரம். பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கொடுத்து, மண்டோர் என்ற மேற்பார்வையாளர் பார்த்திருக்க, கூலிக்கு வெட்டினார். ஹீனியின் மகனுக்குத் தொடர முடியாமற்போன தொழிலைப் பற்றி ஓர் ஏக்கம் இருக்கிறது. தோட்டத்தில் பிள்ளை உளியைத் தொடக் கூடாது என்பதற்காகவே படிக்கவைத்த வீடுகள் உண்டு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக் கவிதைக்குத் திரும்பினால், பின்தொடர என்னிடம் மண்வெட்டி இல்லை என்ற வரியில் உள்ள பெருமையும் குற்றவுணர்வும் இன்னும் கூர்மையாகத் தெரியும்.

எட்டாம் படி: எழுதுவது

ஒரு கருத்து, ஒரு சான்று, அந்தச் சான்று வாசகரிடம் நிகழ்த்துவது: இந்த மூன்றும் ஒரு பத்திக்குள் இருக்க வேண்டும். 'கவிஞர் உவமையைப் பயன்படுத்திக் கவிதைக்கு அழகு சேர்த்துள்ளார்' என்பதில் மூன்றும் இல்லை. அதே இடத்தைப் பற்றி இப்படி எழுதலாம்:

"கவிதைசொல்லிக்கு எழுத்தின்மீதுள்ள தயக்கம் கவிதையின் போக்கில் தீர்கிறது. தொடக்கத்தில் துப்பாக்கிக்கு ஒப்பிடப்பட்ட எழுதுகோல், அதே வரிகள் இறுதியில் திரும்பும்போது அந்த உவமை இல்லாமல் வருகிறது. வாசகர் பழைய வரியை எதிர்பார்த்து நிற்கும் இடத்தில் எதிர்கால வினை ஒன்று வந்து விழுவதால், எழுதுவதும் ஒரு தோண்டலாக மாறுவதை நாம் அந்த வெற்றிடத்தில் உணர்கிறோம்."

இரண்டு கவிதைகளை ஒப்பிடும்போது முதல் பாதி ஒன்றுக்கு, மறு பாதி மற்றதற்கு என்று பிரிக்காதீர்கள். ஒரு கேள்வியை எடுத்து இரண்டையும் அதில் நிறுத்துங்கள். 'வேலை செய்பவரைப் பார்ப்பவர் கடைசியில் என்ன செய்கிறார்?' என்பது நல்ல கேள்வி. ஒருவன் மலையேறிப் போகிறான். மற்றவன் உட்கார்ந்த இடத்திலேயே எழுதத் தொடங்குகிறான்.

பயிற்சிக்கு

வில்லியம் பிளேக் 1794இல் வெளியிட்ட 'லண்டன்' கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கண்ணிகள், மொத்தம் 16 வரிகள், கடினமான சொற்கள் குறைவு. மேலே சொன்ன எட்டுப் படிகளையும் அதில் செய்து பாருங்கள். முதல் கண்ணியில் ஒரே சொல் வினையாக ஒரு முறையும் பெயராக இரண்டு முறையும் வருவதைத் தேடுங்கள். பிறகு இரண்டாம் கண்ணியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'கேட்கிறேன்' என்று முடிகிறது. உடனே மூன்றாம் கண்ணிக்கு வந்து, அதன் நான்கு வரிகளின் முதல் எழுத்துகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் 'கேள்' என்ற சொல் நிற்கும். அந்தக் கண்ணியில் யார் யாருடைய குரல்கள் வருகின்றன, அவற்றைக் கேட்க வேண்டியவர்கள் யார் என்று இரண்டு பட்டியல் போட்டுக்கொண்டு, பாடுபொருளை ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள்.